சேசர் ஃபிராங்க்: தந்தையின் கனவும் மகனின் நாடும்

துபாய், அபுதாபி, ஷார்ஜா போன்ற நகரங்களில் வாழும் பல தமிழ்க் குடும்பங்களில், பள்ளி முடிந்து வரும் பிள்ளைகள் மாலை நேரத்தில் இசை வகுப்புகளுக்குச் செல்வது வழக்கமாகிவிட்டது. கர்நாடக இசையும் மிருதங்கமும் பயில்பவர்களுடன், பியானோவும் மேற்கத்தியப் புல்லாங்குழலும் கற்று, லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட இசைத் தேர்வு அமைப்புகள் நடத்தும் தேர்வுகளை எழுதும் பிள்ளைகளும் இருக்கின்றனர்.

இந்த இரு கருவிகளையும் பல ஆண்டுகள் பயின்று தேர்ச்சி பெற்றவர்கள், ஒரு கட்டத்தில் ஒரு குறிப்பிட்ட இசைப் படைப்பைச் சந்திக்காமல் இருக்க முடியாது. சேசர் ஃபிராங்க் 1886ஆம் ஆண்டு இயற்றிய ஏ மேஜர் சொனாட்டா என்பதே அது. வயலினுக்கும் பியானோவுக்குமாக எழுதப்பட்ட இப்படைப்பு, புல்லாங்குழலுக்கும் பியானோவுக்குமாக மாற்றியமைக்கப்பட்டு, உலகெங்கும் புல்லாங்குழல் கலைஞர்களின் கச்சேரிகளில் நிலையான இடத்தைப் பெற்றுவிட்டது.

அந்த இசையை அறிந்தவர்களில் பலருக்கு, அதை இயற்றியவரின் வாழ்க்கை அவ்வளவாகத் தெரியாது. பிள்ளையின் திறமையை முதலீடாகக் கருதிய தந்தை, கல்விக்காகப் புலம்பெயர்ந்த குடும்பம், ஐம்பதாவது வயதில் எழுந்த குடியுரிமைச் சிக்கல் ஆகியவை அடங்கிய அந்த வாழ்க்கை, வளைகுடாவில் பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கு அந்நியமான ஒன்றல்ல.

எல்லைகள் மாறிய ஊர்

சேசர் ஃபிராங்க் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி லியேஜ் நகரில் பிறந்தார். அப்போது அந்நகரம் நெதர்லாந்து முடியரசின் பகுதியாக இருந்தது. 1830இல் ஏற்பட்ட புரட்சியைத் தொடர்ந்து பெல்ஜியம் என்ற தனிநாடு உருவானது. எட்டு வயது நிறைவதற்கு முன்னரே, வீட்டை விட்டு நகராமலேயே அச்சிறுவனின் நாடு மாறிவிட்டது. அவருடைய தந்தை நிக்கோலா ஜோசஃப் ஜெர்மன் எல்லையை ஒட்டிய பகுதியைச் சேர்ந்தவர். தாயார் ஜெர்மனியின் ஆகென் நகரைச் சேர்ந்தவர்.

தந்தை வங்கி எழுத்தராகப் பணியாற்றியவர். வருமானம் குறைவு, ஆனால் ஆசைகள் பெரியவை. பிரான்ஸ் லிஸ்ட் போன்ற இளம் பியானோ கலைஞர்கள் ஐரோப்பிய நகரங்களில் புகழும் பணமும் ஈட்டிய காலம் அது. மூத்த மகனைப் பியானோவிலும் இளைய மகன் ஜோசஃபை வயலினிலும் வல்லவர்களாக்கினால், குடும்பம் முழுவதும் உயர்ந்துவிடும் என்று அவர் கணக்கிட்டார். மகன்களின் பயிற்சி நேரம், அவர்கள் வாசிக்க வேண்டியவை, அவர்கள் யாரைச் சந்திக்க வேண்டும் என்பன அனைத்தையும் அவரே தீர்மானித்தார்.

லியேஜ் இசைக் கல்லூரியில் சேர்க்கப்பட்ட சேசர், 1834ஆம் ஆண்டுக்குள் அங்கு பரிசுகளை வென்றார். அடுத்த ஆண்டில் லியேஜ், பிரஸ்ஸல்ஸ், ஆகென் ஆகிய நகரங்களில் தந்தை அவருக்குக் கச்சேரிகளை ஏற்பாடு செய்தார். அதே 1835ஆம் ஆண்டில் குடும்பம் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தது.

கல்லூரி வாசலில் குடியுரிமை

பாரிஸில் இருந்த அரசு இசைக் கல்லூரி அக்காலத்தில் ஐரோப்பாவின் முதன்மையான இசைக் கல்வி நிலையங்களில் ஒன்று. ஆனால் வெளிநாட்டவருக்கு அங்கு இடமில்லை என்ற விதி இருந்தது. 1823இல், ஹங்கேரியில் பிறந்த சிறுவன் லிஸ்ட் இதே காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். அவரைத் திருப்பி அனுப்பிய கல்லூரி இயக்குநர் கெருபினியே இத்தாலியில் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

சேசரின் தந்தை இந்தத் தடையைக் கடக்க ஒரே வழியைத்தான் கண்டார். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து, 1837இல் அதைப் பெற்றார். அதே ஆண்டு அக்டோபரில் சேசர் கல்லூரியில் சேர்ந்தார். ஒரு கல்வி நிலையத்தின் கதவைத் திறப்பதற்காகப் பெறப்பட்ட அந்தக் குடியுரிமை, பல ஆண்டுகளுக்குப் பின் வேறொரு வடிவில் அவர் முன் வந்து நிற்கவிருந்தது.

மாணவராக அவர் காட்டிய திறமை அசாதாரணமானது. 1838ஆம் ஆண்டுப் பியானோ போட்டியில், முன்பின் பார்த்திராத ஓர் இசைப் பகுதியைக் குறிப்புகளைப் பார்த்து உடனே வாசிக்குமாறு போட்டியாளர்கள் பணிக்கப்பட்டனர். சேசர் அதை எழுதப்பட்டிருந்த சுருதியில் வாசிக்காமல், மூன்று சுரங்கள் தாழ்ந்த சுருதிக்கு மனத்திலேயே மாற்றி வாசித்தார். இது விதிகளுக்குப் பொருந்தாத செயலாக இருந்தபோதிலும், அவருக்குச் சிறப்புக் கௌரவப் பரிசு வழங்கப்பட்டது.

இசையமைப்பாளராக வளர்வதற்கான அடுத்த படி, ரோம் பரிசு எனப்பட்ட அரசு விருதுக்கான போட்டி. ஆனால் 1842இல் தந்தை மகனைக் கல்லூரியிலிருந்து விலக்கிக்கொண்டார். படிப்பு நீள்வதை அவர் விரும்பவில்லை. மேடைக் கச்சேரிகளும் தனிவகுப்புகளும் தரும் வருமானமே அவருக்கு உடனடித் தேவையாக இருந்தது.

கிழித்தெறியப்பட்ட தாள்

அடுத்த சில ஆண்டுகள் தந்தையின் திட்டப்படியே கழிந்தன. மகனின் பெயரை விளம்பரப்படுத்துவதில் அவர் காட்டிய அளவு மீறிய ஆர்வம், பாரிஸ் விமர்சகர்களின் கேலிக்கு இடமளித்தது. ரோமானியப் பேரரசர்களை நினைவூட்டும் சேசர் ஒகுஸ்த் என்ற இரட்டைப் பெயரைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. 1846இல் அரங்கேறிய ரூத் என்ற விவிலியக் கதை சார்ந்த படைப்புக்கும் பெரிய வரவேற்பு கிடைக்கவில்லை.

இதே காலத்தில், தம்மிடம் பியானோ பயின்ற ஃபெலிசித்தே தெமுசோ என்ற பெண்ணை அவர் விரும்பினார். அப்பெண்ணின் பெற்றோர் நாடக நடிகர்கள். அவருக்குக் காணிக்கையாக்கி எழுதிய ஒரு பாடலின் கையெழுத்துப் படியைக் கண்ட தந்தை அதைக் கிழித்தெறிந்தார். சேசர் அந்தப் பெண்ணின் வீட்டுக்குச் சென்று, அதே பாடலை நினைவிலிருந்து மீண்டும் எழுதிக் கொடுத்தார். 1846ஆம் ஆண்டு கோடையில், கையில் எடுத்துச் செல்லக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு தந்தையின் வீட்டை விட்டு வெளியேறினார். அப்போது அவருக்கு வயது 23.

அவர்களது திருமணம் 1848ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் தேதி நடைபெற்றது. பிரெஞ்சு மன்னராட்சியை வீழ்த்திய புரட்சி பாரிஸ் தெருக்களில் வெடித்த நாள் அது. மணமக்கள் கிளர்ச்சியாளர்கள் எழுப்பியிருந்த தடுப்பரண்களின் மீது ஏறித் தேவாலயத்தைச் சென்றடைந்தனர் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. இதன் பின்னர் அவர் தமது பெயரைச் சுருக்கிக்கொண்டு, சேசர் ஃபிராங்க் என்று மட்டுமே கையெழுத்திட்டார்.

அதிகாலை இரண்டு மணி நேரம்

தந்தையிடமிருந்து பெற்ற விடுதலை, வறுமையிலிருந்து பெற்ற விடுதலையாக அமையவில்லை. அடுத்த பல ஆண்டுகள் அவர் வீடு வீடாகச் சென்றும் பள்ளிகளிலும் பியானோ கற்பித்தே குடும்பத்தைக் காப்பாற்றினார். தேவாலயங்களில் ஆர்கன் வாசிக்கும் பணியும் கிடைத்தது. 1858இல் பாரிஸின் புனித குளோட்டில்ட் தேவாலயத்தில் பணியில் சேர்ந்தார். புகழ்பெற்ற ஆர்கன் தயாரிப்பாளரான கவாயே கோல் அங்கு அமைத்த புதிய ஆர்கன் 1859 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் முன்னால் அவர் இறக்கும்வரை, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அமர்ந்தார். 1866இல் அங்கு வந்து அவருடைய வாசிப்பைக் கேட்ட லிஸ்ட் பெரிதும் வியந்தார்.

அவருடைய அன்றாட ஒழுங்கை அவரது மாணவர்கள் பதிவு செய்துள்ளனர். கோடையிலும் குளிர்காலத்திலும் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, சுமார் இரண்டு மணி நேரம் தமது சொந்தப் படைப்புக்கு ஒதுக்குவார். அதன் பின்னர் வகுப்புகளுக்காக நகரின் பல பகுதிகளுக்கும் புறப்பட்டு, மாலையில்தான் வீடு திரும்புவார். இன்று உலகம் அறிந்திருக்கும் அவரது படைப்புகளில் பெரும்பகுதி, பிழைப்புக்கான வேலை தொடங்குவதற்கு முந்தைய அந்த நேரங்களில் உருவானவையே.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. தந்தையின் கடும் பயிற்சிதான் இந்த மேதையை உருவாக்கியதா? விரல்களின் வலிமை, எந்த இசையையும் பார்த்தவுடன் வாசிக்கும் ஆற்றல் ஆகியவற்றுக்கு அப்பயிற்சி காரணமாக இருந்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் தந்தையின் கட்டுப்பாட்டில் இருந்த ஆண்டுகளில் அவர் எழுதியவற்றில் மிகச் சிலவே இன்று வாசிக்கப்படுகின்றன. அவரது பெயரை நிலைநிறுத்திய படைப்புகளில் பெரும்பாலானவை ஐம்பது வயதுக்குப் பின்னர் வந்தவை. பயிற்சியைத் தந்தையால் அளிக்க முடிந்தது. படைப்புக்குத் தேவையான சொந்த நேரத்தை மகனே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஐம்பது வயதில் அந்நியர்

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையே மூண்ட போரின்போது, முற்றுகையிடப்பட்ட பாரிஸிலேயே ஃபிராங்க் தங்கியிருந்தார். தோல்வியின் பின்னணியில், பிரெஞ்சு இசையை வளர்க்கும் நோக்குடன் 1871இல் தேசிய இசைச் சங்கம் உருவானபோது அதன் தொடக்ககால உறுப்பினர்களில் ஒருவராகவும் இருந்தார்.

1872இல் அவர் பயின்ற அதே இசைக் கல்லூரியில் ஆர்கன் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. அரசுப் பதவி என்பதால் பிரெஞ்சுக் குடிமகனாக இருக்க வேண்டியது கட்டாயம். அப்போதுதான் தாம் பிரெஞ்சுக் குடிமகன் அல்ல என்பதை அவர் அறிந்துகொண்டார்.

தந்தை 1837இல் பெற்ற குடியுரிமை, மகன்களுக்கு 21 வயது நிறையும்வரை மட்டுமே செல்லுபடியாகும் ஒன்றாக இருந்தது. வயது வந்த பின்னர் அவர்கள் தனியாக விருப்பம் தெரிவித்திருக்க வேண்டும். அது நடைபெறவில்லை. பாரிஸில் வளர்ந்து, மணம் புரிந்து, பிள்ளைகளைப் பெற்று, முற்றுகையையும் அனுபவித்த ஒருவர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவராகவே இருந்துள்ளார். அவர் உடனடியாக விண்ணப்பித்து, 1873இல் குடியுரிமை பெற்ற பின்னரே பதவி முறைப்படுத்தப்பட்டது.

வளைகுடா வாசகர்கள் இந்தப் பகுதியைச் சற்று நின்று படிக்கக்கூடும். ஐக்கிய அரபு எமிரேட்டுகளின் மக்கள்தொகையில் மிகப் பெரும்பான்மையினர் வெளிநாட்டவர். அங்கு பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் பெற்றோரின் வதிவிட விசாவைச் சார்ந்தே வாழ்கின்றனர். மகன்களைத் தந்தையின் பொறுப்பில் வைத்திருப்பதற்கான வயது வரம்பு நீண்ட காலம் 18ஆக இருந்தது. 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மாற்றங்களின்படி, மணமாகாத மகன்களுக்கு அது 25ஆக உயர்த்தப்பட்டது. 2021இல் அந்நாடு தனது குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, முதலீட்டாளர்கள், மருத்துவர்கள், அறிவியலாளர்கள் ஆகியோருடன் கலைஞர்களையும் பரிந்துரையின் பேரில் குடிமக்களாக ஏற்க வழிவகுத்தது. ஆயினும் இது மிகச் சிலருக்கே உரிய வாய்ப்பு. பிள்ளை வளர்ந்த ஊர் எது, பிள்ளையின் நாடு எது என்ற இரு கேள்விகளுக்கும் ஒரே விடை கிடைப்பதில்லை என்பதே பெரும்பாலான குடும்பங்களின் அனுபவம்.

இரு காலங்களையும் இரு சட்டங்களையும் அப்படியே ஒப்பிடுவது சரியாகாது. ஃபிராங்குக்கு விண்ணப்பிக்க ஒரு வழி இருந்தது. அது ஓராண்டுக்குள் நிறைவேறியது. ஆனால் குறிப்பிட்ட வயதில் பெற்றோரின் ஆவணத்திலிருந்து பிள்ளை தனியே பிரிக்கப்படுவதும், அதுவரை சொந்தம் என்று நம்பிய இடம் ஒரு தாளில் கேள்விக்குள்ளாவதும் இரண்டுக்கும் பொதுவானவை.

திருமணப் பரிசாக வந்த இசை

பேராசிரியரான பின்னர் ஃபிராங்கைச் சுற்றி இளம் இசையமைப்பாளர்களின் குழு ஒன்று உருவானது. வான்சான் தாந்தி, ஷோசோன், துபார்க் முதலியோர் அதில் முக்கியமானவர்கள். ஆனால் இசை உலகின் அங்கீகாரம் எளிதில் வரவில்லை. 1880 ஜனவரியில் அவரது பியானோ ஐவரிசை அரங்கேறியபோது, பியானோ வாசித்த புகழ்பெற்ற இசையமைப்பாளர் சான்சான்ஸ், தமக்குக் காணிக்கையாக்கப்பட்ட அப்படைப்பின் கையெழுத்துப் படியை மேடையிலேயே விட்டுவிட்டுச் சென்றார். 1885இல் பிரெஞ்சு அரசின் லெஜியன் விருது கிடைத்தது. அது இசையமைப்பாளருக்கு அல்லாமல் ஆர்கன் பேராசிரியருக்கு வழங்கப்பட்டதாகவே அமைந்தது.

அடுத்த ஆண்டு அவருடைய 63ஆவது வயதில் ஏ மேஜர் சொனாட்டா பிறந்தது. அவரைப் போலவே லியேஜில் பிறந்த வயலின் கலைஞர் யூஜின் இசாயிக்கு அது திருமணப் பரிசு. 1886 செப்டம்பர் இறுதியில் பெல்ஜியத்தின் ஆர்லோன் நகரில் நடைபெற்ற திருமணத்தின்போது அது மணமகனிடம் ஒப்படைக்கப்பட்டது. விருந்தினராக வந்திருந்த பியானோ கலைஞர் லியோன்தீன் போர்த் பேனுடன் சிறிது நேரம் ஒத்திகை பார்த்துவிட்டு, இசாயி அன்றே அதை வாசித்தார்.

அதே ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி பிரஸ்ஸல்ஸில் உள்ள ஓவியக் காட்சியகத்தில் அதன் பொது அரங்கேற்றம் நடைபெற்றது. ஓவியங்களின் பாதுகாப்பு கருதி அங்கு விளக்கேற்ற அனுமதி இல்லை. குளிர்கால மாலை விரைவில் இருண்டுவிட, எஞ்சிய பகுதிகளைக் கலைஞர்கள் இருவரும் இருளில் நினைவிலிருந்தே வாசித்து முடித்தனர்.

நான்கு பகுதிகளைக் கொண்ட இந்தச் சொனாட்டா அரைமணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நீடிக்கும். முதல் பகுதியில் தோன்றும் சில சுரக் கோவைகள், பின்வரும் பகுதிகளில் வேறு மனநிலையுடன் திரும்பத் திரும்ப வருகின்றன. இறுதிப் பகுதியில் பியானோ ஒரு மெட்டைத் தொடங்க, சிறிது பின்னால் மற்றக் கருவி அதே மெட்டைத் தொடர்கிறது. இருவர் ஒரே பாதையில் ஓரடி இடைவெளியில் நடப்பது போன்ற இந்த அமைப்பு, திருமணப் பரிசுக்குப் பொருத்தமானதாகவே பலராலும் கருதப்பட்டுள்ளது.

வயலினிலிருந்து குழலுக்கு

இப்படைப்பின் செல்லோ வடிவம் ஃபிராங்க் வாழ்ந்த காலத்திலேயே வெளிவந்தது. புல்லாங்குழல் வடிவங்கள் பின்னர் வந்தன. தியோபால்ட் போம் என்ற ஜெர்மானியர் 1847இல் வடிவமைத்த உலோகக் குழல் பரவிய பிறகு, அக்கருவியின் ஒலி வலுப்பெற்று, பெரிய பியானோவுக்கு ஈடுகொடுத்து வாசிப்பது எளிதாயிற்று. எனினும் காதல் உணர்வும் கனமும் மிக்க 19ஆம் நூற்றாண்டின் பெரிய சொனாட்டாக்கள் பெரும்பாலும் வயலினுக்கும் செல்லோவுக்குமே எழுதப்பட்டிருந்தன. அந்த இடைவெளியை நிரப்பவே புல்லாங்குழல் கலைஞர்கள் ஃபிராங்கின் படைப்பை நாடினர். ஜேம்ஸ் கால்வே, மார்த்தா ஆர்கெரிச்சின் பியானோவுடன் செய்த ஒலிப்பதிவு இதில் பரவலாக அறியப்பட்ட ஒன்று.

இந்த மாற்றம் எளிதானதல்ல. வயலினின் மிகத் தாழ்ந்த சுரங்கள் புல்லாங்குழலில் கிடையாது. அந்த இடங்களை மேல் ஸ்தாயிக்கு மாற்ற வேண்டும். இரு தந்திகளை ஒருசேர மீட்டி எழுப்பும் ஒலியையும் குழலில் கொண்டுவர முடியாது. வில் நிற்காமல் இழுக்கும் நீண்ட வரிகளில் எங்கு மூச்சு எடுப்பது என்பது ஒவ்வொரு கலைஞரும் தாமே தீர்க்க வேண்டிய சிக்கல். பெரிய கைகள் கொண்ட ஃபிராங்க் எழுதிய பியானோ பகுதியும் விரல்களை அகல விரிக்கக் கோருவதால், அது துணை வாசிப்பாக இல்லாமல் சம பங்காளியாகவே நிற்கிறது.

கர்நாடக இசை ரசிகர்களுக்கு இத்தகைய மாற்றம் புதிதல்ல. வாய்ப்பாட்டுக்காக இயற்றப்பட்ட கீர்த்தனைகளைச் சரப சாஸ்திரியும், பின்னர் மாலி என்று அறியப்பட்ட டி. ஆர். மகாலிங்கமும் குழலில் முழுமையான கச்சேரியாக்கியதை அவர்கள் அறிவர். பிறந்த கருவியை விட்டு வேறு கருவிக்குச் செல்லும் இசை சிலவற்றை இழக்கிறது, சிலவற்றைப் பெறுகிறது.

தாமதமாக வந்த கைதட்டல்

1889 பிப்ரவரியில் அரங்கேறிய ஃபிராங்கின் சிம்ஃபனி, பாரிஸில் பலரது எதிர்ப்பைச் சந்தித்தது. அவருடைய இசை போதிய அளவு பிரெஞ்சுத் தன்மை கொண்டதல்ல, ஜெர்மானியச் சாயல் மிக்கது என்ற குறை அவர் வாழ்நாளிலும் அதன் பின்னரும் கூறப்பட்டது. 1890 ஏப்ரலில் அவரது தந்திக்கருவி நால்வரிசை அரங்கேறியபோதுதான், ஐயத்துக்கு இடமில்லாத முழு வெற்றி என்று சொல்லத்தக்கது அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 67.

அதே ஆண்டில் அவர் சென்ற குதிரை வண்டி விபத்துக்குள்ளானது. உடல்நலம் குன்றிய நிலையிலும் ஆர்கனுக்கான மூன்று கோரல்களை எழுதி முடித்தார். 1890 நவம்பர் 8ஆம் தேதி பாரிஸில் காலமானார்.

அவருடைய மாணவர் தாந்தி 1906இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு, அவரைப் புகழ் நாடாத ஒரு துறவியாகச் சித்தரித்தது. பிற்கால ஆய்வாளர்கள் இச்சித்திரத்தை அப்படியே ஏற்கவில்லை. கோபமும் ஆசையும் ஏமாற்றமும் கொண்ட, உழைத்துக் களைத்த ஒரு மனிதராகவே அவர்கள் அவரைக் காண்கின்றனர். அந்த மனிதரே இன்றைய வாசகருக்கு நெருக்கமானவர்.

கடந்த சில பத்தாண்டுகளில் வளைகுடா நாடுகள் மேற்கத்தியச் செவ்வியல் இசைக்குப் பெரும் இடங்களை உருவாக்கியுள்ளன. ஓமானில் 1985இல் அரச சிம்ஃபனி இசைக்குழுவும் 2011இல் மஸ்கட் அரச ஓபரா மாளிகையும் தோன்றின. கத்தார் 2007இல் தனக்கென ஓர் இசைக்குழுவை நிறுவியது. துபாய் ஓபரா 2016இல் திறக்கப்பட்டது. ஓமானியக் குழு தன் குடிமக்களைக் கொண்டே அமைக்கப்பட்டது. கத்தார் குழு பெரும்பாலும் பல நாடுகளிலிருந்து வந்த கலைஞர்களைக் கொண்டது.

இந்த நகரங்களில் இசை பயிலும் தமிழ்ப் பிள்ளைகளில் சிலர், என்றேனும் ஒருநாள் ஃபிராங்கின் சொனாட்டாவைக் குழலிலோ பியானோவிலோ வாசிக்கும் நிலையை எட்டக்கூடும். அப்போது அவர்களுடைய வதிவிட ஆவணம் எந்த நாட்டினுடையதாக இருக்கும் என்பதை இன்று எவராலும் சொல்ல இயலாது. பிள்ளைகளுக்கு ஆசிரியரையும் கருவியையும் தேடித் தரும் பெற்றோர், அவர்களுக்கென்று நாளில் இரண்டு மணி நேரத்தையும் விட்டுவைக்கிறார்களா என்பதே ஃபிராங்கின் வாழ்க்கை எழுப்பும் கேள்வி.